சோறு போகாத இடம்: முத்துக்குளித்துறையின் டெலிவரி வரலாறு

இந்த எபிசோடில் நாம பேசப்போறது சாப்பாட்டு டெலிவரியோட வரலாறு. ஏதோ 2014, 2015ல ஆப் வந்த கதையைச் சொல்லப்போறேன்னு நினைச்சுடாதீங்க. நான் ஆரம்பிக்கிறது 1560கள்ல. இடம், தூத்துக்குடியை நடுவில் வைத்து கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் கரை. முத்துக்குளித்துறைன்னு பழைய பெயர்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெக்னிகல் விஷயம். நான் மென்பொருள் வேலையில் இருக்கிறவன், அதனால இது இல்லாம தொடங்க முடியாது, பொறுத்துக்கோங்க. நீங்க ஒரு சாப்பாட்டு ஆப்பைத் திறந்ததும் அது முதலில் உங்க இருப்பிடத்தை எடுக்கும். வரைபடத்தில் ஏற்கெனவே வரைந்துவைத்த ஒரு எல்லைக்குள் அந்தப் புள்ளி விழுகிறதா என்று பார்க்கும். எங்க பாஷையில அந்த எல்லைக்குப் பாலிகன்னு பேரு. புள்ளி உள்ளே இருந்தால் ஓட்டல் பட்டியல் வரும். வெளியே இருந்தால், உங்கள் பகுதியில் சேவை இல்லை என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

அந்தக் கோட்டை எப்படி வரைகிறார்கள்? சாலைத் தூரம் ஒரு காரணம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஆர்டர் வரும், போன வண்டி வெறுமனே திரும்புமா, அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதெல்லாம் மற்ற காரணங்கள். பார்க்க நிலப்படம் மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள் ஓடுவது கணக்குப் புத்தகம். ஆகவே என் கேள்வி இது: எட்டாத இடம் என்று ஒன்று நிஜமாவே இருக்கா? இல்ல, எட்டினால் லாபம் இல்லாத இடத்துக்குத்தான் நாம அந்தப் பேரை வச்சிருக்கோமா?

சரி, 1560களுக்குப் போவோம். சேசரே ஃபெடரிச்சி என்று ஒரு வெனிஸ் வணிகர். 1563ல் ஊரைவிட்டுக் கிளம்பி, 1581 வரை கீழை நாடுகளில் சுற்றியவர். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கும் விதத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். பருவம் நெருங்கும்போது, தேர்ந்த குளியாட்களை முன்கூட்டியே கடலுக்கு அனுப்பி, எந்த இடத்தில் சிப்பி அதிகம் கிடக்கிறது என்று பார்த்து வரச் சொல்வார்கள். சிப்பி எங்கே அதிகமோ, அதற்கு நேர் எதிரே கரையில் வீடுகளும் கடைத்தெருவுமாக ஒரு ஊரை எழுப்புவார்கள். குளிப்பு நடக்கும் வரை அந்த ஊர் இருக்கும். வேண்டிய எல்லாப் பொருளும் அங்கே கிடைக்கும். சில வருஷம் அது மக்கள் வாழும் ஊருக்குப் பக்கத்தில் அமையும், சில வருஷம் ரொம்பத் தள்ளி அமையும் என்கிறார்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கு ஓட்டல் ஒரே இடத்தில் நிற்கிறது, சோற்றுப் பொட்டலம் நகர்கிறது. அன்றைக்கு அடுப்பு, பாத்திரம், அரிசி மூட்டை, கடைக்காரர் என்று கடைத்தெருவே கிளம்பி, சிப்பிக்கு எதிரே போய் உட்கார்ந்தது. சிப்பி படுகை இருக்கும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர், முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். எந்தப் பாரில் சலாபமோ, அதுதான் அந்த வருஷத்துப் பாலிகன்.

இந்த முறை பிறகும் மாறவில்லை. போர்த்துக்கீசியர் போய் 1658ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு வந்தது, 1825ல் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சேர்ந்தது. யார் ஆண்டாலும் சலாபத்துக்கு ஒரு தற்காலிக ஊர் எழும்பியது. அதில் மிகப் பெரியதை, நமக்கு நேர் எதிரே, மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் பார்க்கலாம்.

அந்த ஊர் பெயர் மரிச்சுக்கட்டி. சிலாவத்துறைக்குத் தெற்கே இருக்கிறது. மணலும் முட்காடும், வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே சலாபம் நடந்தது. 300க்கும் மேற்பட்ட படகுகள். குளியாட்கள் மட்டும் சுமார் 5,000 பேர். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், ராமேஸ்வரம் பக்கத்துக் கடையர்கள், கூடவே அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள். வணிகர், தரகர், சமையல்காரர், சுமைகூலி எல்லாரையும் சேர்த்தால் முகாமில் சுமார் 40,000 பேர். அந்த ஒரு பருவத்தில் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபாய். 1905ல் 25 லட்சம்!

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம். 40,000 பேருக்கு அந்த மணலில் யார் சோறு போட்டது?

ஒரு நாளின் ஓட்டம் எப்படி என்றால், நள்ளிரவு வாக்கில் நிலக்காற்று வீசத் தொடங்கும்போது படகுகள் கிளம்பும். விடியும்போது பாரில் இருக்கும். கல்லைக் காலில் மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, இருவர் இருவராக மாறி மாறி மூழ்குவார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும்போது படகு கரைக்கு வரும். சிப்பியை மூன்று பங்காகப் பிரிப்பார்கள், ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அன்றைக்கே ஏலம் போகும். குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பார்கள். திறக்காத சிப்பிக்குள் முத்து இருக்குமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதுவே ஒரு லாட்டரி.

சாயங்காலம் கையில் காசோடு, பசியோடு ஆயிரக்கணக்கானவர்கள் கரை இறங்குகிறார்கள். சோற்றுக்கடை வைக்க இதைவிட நல்ல இடம் உலகத்தில் எங்கே இருக்கும், சொல்லுங்க? யாரும் கட்டளை போட வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் கருவாடும் தோணியில் ஏறித் தானாக வந்தன. ஆனால் காசைப் பார்த்து வராத ஒன்றும் உண்டு, நல்ல தண்ணீர். அழுக்குத் தண்ணீரைக் குடித்துக் காலரா பரவி, குளியாட்கள் ஓடிப்போய், சலாபம் பாதியில் நின்ற ஆண்டுகள் உண்டு. அதனால் தண்ணீர், மருத்துவமனை, காவல், நீதிமன்றம், தபால் தந்தி எல்லாவற்றையும் அரசே அந்த மணலுக்குக் கொண்டுவந்தது. கருணையினால் என்று சொல்ல மாட்டேன். ஒரு குளியாள் படுத்தால் அரசுக்கு வரவேண்டிய இரண்டு பங்கும் சேர்ந்து படுக்கும்.

அடுத்த காட்சியையும் பார்த்துவிடுங்கள். இந்த லாபத்தைப் பார்த்து 1906ல் ஒரு தனியார் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக்கு இலங்கைப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பியே இல்லை. கம்பெனி முழுகிப் போனது. 40,000 பேர் வாழ்ந்த ஊர் பழையபடி மணலும் முட்காடும் ஆனது. தூரம் ஒரு அடிகூட மாறவில்லை, கடலும் அதே கடல்தான். 1905ல் எட்டிய இடம், சில வருஷத்திலேயே எட்டாத இடமாகிவிட்டது.

இந்தியக் கரையிலும் இதே கதைதான். தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை வரிசையாகச் சலாபம் நடந்தது. அத்தோடு முடிந்தது.

இப்போது முத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் ஒரு வினோதம் உண்டு. பெரிய துறைமுகம் என்று பெயர், ஆனால் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் ஆழம் அவ்வளவு குறைவு. 1876ல் சென்னையிலிருந்து ரயில் இங்கே வந்துவிட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கிச் சிறு படகில் ஏறி, கரையிலிருந்து சுமார் 5 மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் நீராவிக் கப்பலுக்குப் போனார்கள். 1907ல் வ.உ.சி. கொண்டுவந்த காலியா, லாவோ கப்பல்களுக்கும் இதே பாடுதான். பஞ்சுப் பொதி, புளி மூட்டை, மனுஷர், தபால் எல்லாமே தோணியிலும் படகிலும் போய் நடுக்கடலில் ஏறியாகணும்.

சாப்பாடும் அப்படித்தான். கப்பலில் இருப்பவர்களுக்கு அரிசி, கோழி, முட்டை, காய்கறி, குடிதண்ணீர் எல்லாம் வேண்டும். இதையே தொழிலாகச் செய்பவர்களை ஷிப் சாண்ட்லர் என்பார்கள், பேச்சில் கப்பல் சப்ளை. உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இந்தத் தொழில் இருக்கும். கப்பல் வருவதற்கு முன்பே ஏஜென்ட் மூலம் இன்டென்ட் வந்துவிடும், அதாவது என்னென்ன சாமான் எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல். மார்க்கெட்டில் வாங்கி, சுங்கத்தில் காகிதம் முடித்து, படகில் ஏற்றி, அலை ஆடும்போது கப்பல் பக்கவாட்டில் ஒட்டி நின்று மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். எண்ணிச் சரிபார்த்துக் கப்பல்காரர் கையெழுத்துப் போடுவார். பில் கப்பல் கம்பெனிக்குப் போகும்.

ஆர்டர், பேக்கிங், ரைடர், டெலிவரி கையெழுத்து. நாங்க இப்போ கோட் எழுதிச் செய்வதில் எதுவும் புதுசு இல்லை பாருங்க. இதெல்லாம் நடந்தது சாலையே இல்லாத 5 மைல் தண்ணீரில்.

பிறகு தூத்துக்குடி இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தது என்பது ஒரு இன்ஜினியராக எனக்கு ரொம்பப் பிடித்த இடம். முயல் தீவுப் பக்கம் கடலைத் தோண்டி, அலைதடுப்புச் சுவர் கட்டி, புதுத் துறைமுகம் அமைத்தார்கள். 1974 ஜூலை 11 அன்று அது நாட்டின் 10ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடைசி 5 மைலை வேகமாகக் கடக்க வழி தேடாமல், அந்த 5 மைலையே ஒழித்துவிட்டார்கள். அதற்குச் செலவழிக்க அரசு தயாராக இருந்தது, ஏனென்றால் மறுமுனையில் கப்பல் இருந்தது. பழைய துறைமுகத் தோணிகள் வேலையை விட்டுவிடவில்லை. வெங்காயமும் காய்கறியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற பிழைப்பு தொடர்ந்தது. விளைநிலம் குறைந்த அந்தத் தீவுகளில், தட்டில் விழும் வெங்காயத்தில் கொஞ்சம் நம்ம ஊர்த் தோணியில் போனது.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால் ஒரு விதி தெரியுது. ஆளில்லாத மணலுக்குக் கடைத்தெரு போயிருக்கிறது. நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கோழி போயிருக்கிறது. மறுமுனையில் காசு கூடியிருந்தால் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த விதி எப்போதும் வேலை செய்யுமா? மறுமுனையில் காசும் இருக்கு, பசியும் இருக்கு, ஆனா நடுவில் பாதையே இல்லேன்னா?

அந்தச் சோதனை 2023 டிசம்பரில் வந்தது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தென்மாவட்டங்களில் மழை கொட்டியது. மறுநாள் காலையில் அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் பெய்ய வேண்டியதைவிட அதிகம், ஒரே நாளில். அன்றைக்கு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், 9 மணிக்கு மேல் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால், செய்துங்கநல்லூர் போகும் வழியில், தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை நிறுத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ரயிலில் சுமார் 800 பேர். ஒரு 300 பேரை மட்டும் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முடிந்தது, மற்றவர்கள் நிலையத்திலேயே தங்கினார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். ஸ்ரீவைகுண்டம் ஊர் தாமிரபரணிக்கு வடகரையில் இருக்கிறது. ரயில் நிலையமோ தென்கரையில், புதுக்குடிப் பக்கம். நடுவில் ஓடுவது ஆறு. அந்த ஆறுதான் அன்றைக்குக் கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிற நிலையத்துக்கு அந்த ஊரிலிருந்தே யாரும் வர முடியாது. சாலைகள் போயின, மின்சாரம் போனது, செல்போன் சிக்னலும் போனது.

அந்த 800 பேர் கையில் காசு இல்லாதவர்கள் இல்லை. பலர் போனில் சாப்பாட்டு ஆப் இருந்திருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2023 அக்டோபரில், ரயிலில் இருப்பவர்களுக்கு நிலையத்தில் சாப்பாடு கொடுக்க ஐஆர்சிடிசி சொமேட்டோவோடு ஒப்பந்தம் போட்டது. டெல்லி, பிரயாக்ராஜ், கான்பூர், லக்னோ, வாரணாசி என்று 5 நிலையங்களில் தொடக்கம். அந்த வரைபடத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் சிக்னல் இல்லாத போனில், சாலை இல்லாத ஊரில், ஒன்றும் நடந்திருக்காது. அதுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

அரசு ஹெலிகாப்டர்களை வரவழைத்தது, உண்மை. ஆனால் அந்த மழையில் ஹெலிகாப்டர் நினைத்த நேரத்துக்குப் பறக்க முடியாது. மேலிருந்து உணவுப் பொட்டலம் நிலையத்தில் விழுந்தது 19ஆம் தேதி. பேரிடர் மீட்புப் படை வந்து பயணிகளை வெளியே கொண்டுபோய், வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு ஏற்றிவிட்டதும் அன்றைக்குத்தான். 17ஆம் தேதி இரவுக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் நடுவில் முழுசாக ஒரு நாளுக்கு மேல் இருக்கு. அதுவரை அந்தக் குழந்தைகளும் வயசானவங்களும் என்ன சாப்பிட்டாங்க?

புதுக்குடிக்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். தங்கள் வீடுகளைச் சுற்றியும் வெள்ளம் நின்ற நேரத்தில், வீட்டில் இருந்த அரிசியையும் சாமானையும் ஒன்றாகத் திரட்டி, கோயிலில் அடுப்பு மூட்டி, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சோறு ஆக்கினார்கள். ஆர்டர் இல்லை, பில் இல்லை. அடுத்த வேளைக்குத் தங்களுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலையில் செய்தது இது.

இதை மனிதநேயம் என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டுப் போய்விடலாம். கலங்க வேண்டிய விஷயம்தான், எனக்கும் கலங்கியது. ஆனால் நான் இன்னொரு கோணத்தையும் சொல்ல ஆசைப்படறேன். நல்ல மனசு மட்டும் இருந்தால் சோறு வெந்துவிடாது. அரிசி வேண்டும், விறகோ கேஸோ வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு உலை வைத்துப் பழகிய கை வேண்டும். புதுக்குடியில் இவ்வளவும் இருந்தது. கிராமத்து வீட்டில் மாச சாமான் வாங்கி வைக்கிற பழக்கம் இருந்ததால் அரிசி இருந்தது. கோயில் கொடைக்குச் சமைக்கிற ஊர்களில் அண்டாவும் ஆளும் இருக்கும். எங்க தொழிலில் இதைக் கேஷ் என்போம். தூரத்து சர்வர் செத்துப்போனாலும், பக்கத்திலேயே ஒரு பிரதி இருந்தால் பக்கம் திறக்கும். அன்றைக்கு ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்குச் சோறு எங்கிருந்தும் போகவில்லை. அது ஏற்கெனவே அங்கே பக்கத்து வீட்டு மூட்டையில் இருந்தது.

சலாப முகாமிலிருந்து கப்பல் சப்ளை வரை நாம பார்த்த வரலாறு முழுக்க, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற திறமையின் வரலாறு. புதுக்குடி காட்டினது வேற. கொண்டுபோக வழியே இல்லாத நாளுக்கு, முன்னாடியே அங்கே என்ன இருக்கு என்பதுதான் கணக்கு.

இங்கேதான் எனக்குக் கவலை. நகரங்களில் 10 நிமிஷத்தில் உப்பும் எண்ணெயும் வீட்டு வாசலுக்கு வருது. நானும் அதில்தான் வாங்குறேன். என் சமையலறையில் இன்றைக்கு இருக்கிற அரிசி மூன்று நாளைக்குக்கூடக் காணாது. தூத்துக்குடி அண்ணாச்சி கடைகளில் மாசத் தொடக்கத்தில் பட்டியல் கொடுத்து மூட்டையாக எடுத்துப்போகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பழக்கம் போய், எல்லா வீடும் என் வீடு மாதிரி ஆகிவிட்டால், அடுத்த வெள்ளத்தில் ஒரு ரயில் ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் நிற்கும்போது, பக்கத்து ஊரில் மனசு இருக்கும், அரிசி இருக்காது.

டெலிவரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோறு கொண்டுபோகிற தொழிலை இந்தக் கரை நூற்றாண்டுகளாகச் செய்கிறது, இனியும் செய்யும். ஆனால் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இருக்கிற ஊர்களில், மழைக்காலத்துக்கு முன்பே பள்ளிக்கூடத்திலோ ரேஷன் கடையிலோ கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மண்டபத்திலோ சில நாளுக்கான அரிசியும் பருப்பும் குடிதண்ணீரும் உயரமான இடத்தில் இருக்கிறதா என்று யாராவது ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். மரிச்சுக்கட்டியில் அரசு தண்ணீர் கொண்டுவந்தது முத்துக்காக. நம்ம ஊரில் வாக்காளர்களும் வரி கட்டுபவர்களும் இருக்கிறார்கள், அந்தக் காரணம் போதும்.

ஏரல், ஆத்தூர், ஆழ்வார்திருநகரி, புன்னக்காயல், காயல்பட்டினம் பக்கம் இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா, அந்த மூணு நாளும் உங்க தெருவில் யார் அடுப்பு மூட்டினாங்க, அரிசி எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் தோணி கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசலாம்.